சுற்றிலும் கடற்கரை, நடுவில் நான்

போட்டோ பிடிக்கிறவர்கள் எல்லாரும் கேமராவுக்குப் பின்னால் நிற்பார்கள். எங்கள் தொழிலில் கேமராவுக்குப் பின்னால் என்று ஓர் இடமே கிடையாது. கம்பத்தின் உச்சியில் ஓர் உருண்டைக் கேமரா இருக்கும். அதற்கு முன்னால் ஒரு கண், பின்னால் ஒரு கண். சுற்றியிருக்கிற மண், வானம், நாய், குப்பைத்தொட்டி எல்லாம் ஒரே அழுத்தில் படத்தில் விழுந்துவிடும். விழக்கூடாத ஒரே ஆள் நான். பந்தியில் பரிமாறி முடித்துவிட்டு உட்கார இலை கிடைக்காமல் நிற்கிறவர்கள், வீட்டில் எடுத்த எந்தப் படத்திலும் இல்லாத அப்பாக்கள், விழா முடிகிறவரை மேடைக்குப் பின்னால் மைக் ஒயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறவர்கள், நீங்களெல்லாம் என் இனம். என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

பொம்மையின் முதுகு

என் பெயர் ஸ்டெல்லா. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் இருக்கிற பக்கமாக ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் சகாயம் அங்கேயே ஒரு பட்டறையில் சூளை பார்க்கிறார். கல்யாணம், காதுகுத்து போக மிச்ச நேரமெல்லாம் பீங்கான் சாமான்களைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையார், குதிரை, ஊறுகாய் ஜாடி எதுவானாலும் சுழலும் பலகையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுப்பேன். வாங்குகிறவர் போனிலேயே உருட்டி உருட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. வெளிநாட்டுப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் செய்கிறவர்கள். ஒவ்வொரு கண்டத்திலும் சில கடற்கரை ஊர்களை முழுச்சுற்றாகப் படமெடுத்து, கூடவே அந்தக் கண்டத்தின் பண்பாடு, அரசியல் பற்றி ஒரு பக்கம் எழுதிப் போடுவார்களாம். ஆசியாவுக்கு எங்கள் மாவட்டத்துக் கரையோர ஊர்கள். பேசியது பிரியா என்கிற பெண். "உங்க ஊர்லேர்ந்து கடல் எவ்ளோ தூரம் மேடம்?" என்று கேட்டார். சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ், அப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். கடற்கரையிலேயே எத்தனையோ போட்டோகிராபர்கள் இருக்க என்னை ஏன் தேடினீர்கள் என்றும் கேட்டுவிட்டேன். பிரியா யோசிக்காமல் பதில் சொன்னார்: "பொம்மைக்கு முதுகு இருக்குதுன்னு ஞாபகம் வெச்சு எடுத்தவங்க நீங்க ஒருத்தர்தான் மேடம்."

ஒளிய ஓர் இடம்

முதல் ஊரில் கம்பத்தை மணலில் நட்டுவிட்டேன். போனில் பொத்தானை அழுத்தினால் படம் விழும். அழுத்துவதற்குள் எங்காவது மறைந்துகொள்ள வேண்டும். பரந்த மணல்வெளியில் எங்கே போய் மறைவது? கரையேற்றி வைத்திருந்த ஒரு ஃபைபர் போட்டுக்குப் பின்னால் குந்தினேன். படத்தைப் பார்த்தால் தலை தெரிந்தது. அடுத்த போட்டுக்கு ஓடினேன். அங்கே முந்தானை பறந்தது. கடைசியில் ஒரு வலைக்குவியலுக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

கொஞ்சம் தள்ளி மீன் கழுவிக்கொண்டிருந்த பெண் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அஞ்சலை என்று பெயர், பிறகுதான் தெரியும். ஈரக் கையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கம்பத்தையோ உருண்டையையோ அவர் பார்க்கவே இல்லை. நான் வந்த பாதையைத்தான் ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பிறகு தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எந்திரிம்மா, எங்க வூட்டுக்குள்ள வந்து ஒக்காரு. உன் புருசன் வந்து கேட்டா, இந்தப் பக்கம் யாரும் வரலைன்னு நான் சொல்லிக்கறேன்."

முக்காலி

நுணுக்கமாகத் தெரிய வேண்டிய படங்களுக்கு உருண்டைக் கேமரா போதாது. பெரிய கேமராவை முக்காலியில் ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வரிசையாக எடுத்து, கம்ப்யூட்டரில் ஒட்ட வேண்டும். இரண்டாவது ஊரில் அப்படி எடுத்துக்கொண்டிருந்தபோது வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். அந்தப் பக்கம் ஏதோ துறைமுகம் வரப்போகிறது, கடலை அளந்துவிட்டுப் போனவர்கள் அடுத்து வீடுகளையெல்லாம் அளக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்ததாம். எனக்குத் தெரியாது. "யாரு அனுப்புனது? எதுவரைக்கும் அளந்துருக்கீங்க?" என்றார் ஒருவர். போட்டோதான் என்றேன். யாரும் நம்பவில்லை. ஒருவர் முக்காலியை மடக்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கூட்டம் கூடிவிட்டது. சகாயத்துக்குப் போன் போடலாமா என்று நினைத்தேன். போட்டு அவர் சூளையிலிருந்து என்ன செய்வார்?

கோயிலுக்கு முன்னால் இருந்த கொட்டகைக்குக் கூட்டிப்போனார்கள். ஊர்த்தலைவர் மாசிலாமணி என்கிறவர் லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார். காலையில் எடுத்து ஒட்டியதைக் காட்டினேன். "தோ, என் வூடு." "நம்ம ஆடு, பாரு." ஒரு பெண் தன் கூரையில் ஓடு நகர்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தார். ஆத்திரம் கொஞ்சம் தணிந்தது. ஆனாலும் எல்லாரும் தலைவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். "இதுல அளவு எங்கம்மா இருக்குது?" என்றார். "அளவே இல்லீங்க. பாக்கறதுக்கு மட்டும்தான்" என்றேன். அவரே விரலால் படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கடல், போட்டு, கோயில், வீடுகள், மறுபடி கடல். பிறகு முக்காலிக்காரரிடம் திரும்பினார்: "அளக்க வந்தவங்கள்லாம் கடலைப் பாத்து நின்னுக்கினு நமக்கு முதுகைத்தான காட்டுனாங்க. இந்தம்மா நம்ம பக்கமும் திரும்பி எடுத்துருக்குது. குடுத்துடுறா."

ஆசியா, ஒரு பக்கத்தில்

கண்டத்தைப் பற்றி எழுதுகிற வேலையைக் கதிரவன் எடுத்துக்கொண்டான். என் ஸ்டூடியோவுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் அரசு வேலைத் தேர்வுகளுக்கு வகுப்பு நடத்துகிறவன். என்னைவிட இளையவன், என்னை அக்கா என்பான். ஆசியாவா, ஒரு மணி நேர வேலை என்றான். முதலில் எழுதிக்கொண்டு வந்ததில் இமயமலை உருவாகி முடிப்பதற்கே இரண்டு பக்கம் ஆகியிருந்தது. மனிதனே இன்னும் வரவில்லை. பிரியாவிடமிருந்து போன் வந்தது. ஒரே பக்கம், பண்பாடும் வேண்டும், அரசியலும் வேண்டும், யார் மனசும் புண்படக்கூடாது.

அதற்கப்புறம் அவன் தூங்கவில்லை என்று அவன் மனைவி சொன்னாள். பத்திரிகையில் எந்தச் சொந்தக்காரர் பெயரை விடுவது என்று தவிக்கிற கல்யாண வீட்டுக்காரர் மாதிரி, என் பீங்கான் குதிரைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, மங்கோலியாவை வுட்டுடலாமா?" என்பான். மறுநாள் வந்து, "பாவம்க்கா, சேத்துட்டேன்" என்பான். ஒரு வழியாக முடித்தான். அரசர்கள், மதங்கள், வியாபாரக் கப்பல்கள், வெள்ளைக்காரர்கள், விடுதலை, தேர்தல், கடலோரத்து ஜனங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் ஒழுங்காக இருந்தன. நிஜமாகவே நன்றாக வந்திருந்தது. அந்த உற்சாகத்தில், படமெடுத்தவள் ஊர் என்று விருத்தாசலத்தைப் பற்றியும் நாலு வரி எழுதித் தரச் சொன்னேன். பேனாவை எடுத்தான், யோசித்தான், மூடி வைத்துவிட்டான். "ஆசியாவை அடக்கிட்டேன்க்கா, அங்கேர்ந்து யாரும் வந்து என்னைப் பஸ் ஸ்டாண்டுல மடக்கிக் கேக்கப் போறதில்ல. நம்ம ஊரைப் பத்தி மட்டும் நீங்களே எழுதிக்குங்க."

மூன்று பேர்

கேமரா மெதுவாகத் திரும்பும்போது ஒருவர் அதற்கு முன்னே முன்னே நடந்துபோனால், ஒட்டிய படத்தில் அவர் பல இடங்களில் நிற்பார். ஓர் ஊரில் பஞ்சாயத்துத் தலைவி தேன்மொழியின் வீட்டுக்காரர் முருகையன் அன்றைக்கு வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். நான் கவனிக்கவில்லை. கம்ப்யூட்டரில் பார்த்தால், போட்டுகளுக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்தபடி ஒரு முருகையன். கோயில் வளைவுக்குக் கீழே கும்பிட்டபடி ஒரு முருகையன். தண்ணீர்த் தொட்டியைக் கைநீட்டிக் காட்டியபடி இன்னொரு முருகையன். தலைவி ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தார். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் இரண்டு பெண்களோடு தெருக்குழாய்ச் சண்டையைத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரை அழித்துவிடுகிறேன் என்றேன். முருகையனுக்கு முகம் வாடிவிட்டது. மூன்றுமே நன்றாகத்தானே இருக்கிறது என்றார். தேன்மொழி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை முழுவதும் ஒரு சுற்றுப் பார்த்தார். சிரிக்கவில்லை. "இருக்கட்டும்மா, அழிக்காத. வூட்டுக்காரரு மூணு பேரா இருந்தும் ஊரு வேலைக்கு நான்தான் ஓடறேன்னு எல்லாக் கண்டத்துக்கும் தெரியட்டும்."

கொடிகள் இறங்கிய கதை

இறங்கவில்லை, அதுதான் கதை. அடுத்த ஊரின் முகப்பில் எல்லாக் கட்சிக் கொடிக்கம்பங்களும் வரிசையாக நின்றன. கதிரவன் எழுதிய பக்கத்துக்கு ‘அரசியல் பின்னணி’ என்று தலைப்புக் கொடுத்த அதே கம்பெனி, படத்தில் எந்தக் கொடியும் தெரியக்கூடாது என்று சொல்லியிருந்தது. அன்றைக்குக் கதிரவனும் கூட வந்திருந்தான். அவன்தான் டீக்கடையில் போய்ப் பேசினான். கொஞ்ச நேரம் மட்டும் எல்லாரும் கொடியை இறக்கினால், படம் எடுத்த கையோடு ஏற்றிவிடலாம். ஒவ்வொரு கட்சிக்காரரும் நல்ல மனிதர்தான். தனக்கு ஆட்சேபணை இல்லை, மற்ற கட்சிக்காரர்கள் முதலில் இறக்கட்டும் என்றார்கள். பேச்சு நீண்டது. கடைசியில் கதிரவன் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னதும் எல்லாரும் ஒரே நேரத்தில் இறக்குவது என்று முடிவானது. ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் கேமராவோடு தயார்.

கதிரவன் இரண்டு சொல்லும்போது டீக்கடைக்காரர் துரைக்கண்ணு கையில் ஜல்லிக்கரண்டியோடு ஓடிவந்தார்: "ஐயையோ, நிறுத்துங்க! எல்லாக் கொடியும் ஒண்ணா எறங்குனா யாரோ பெரிய தலைவர் போயிட்டாருன்னு ஊரே கடையை மூடிடும். நான் வடைக்கு அரைச்சு வெச்சுட்டேன் சார்!"

தூசி

மீனவர் ஏழுமலையின் ஊரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே புயலுக்கு ஒதுங்கக் கட்டியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏறி, தூரத்தை இழுத்துக் காட்டுகிற பெரிய லென்ஸில் காலையிலேயே எடுத்து முடித்துவிட்டேன். கீழே ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து படங்களை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டிய பிறகு வானத்திலும் தண்ணீரிலும் தெரிகிற புள்ளிகளைத் துடைப்பது வழக்கம். கேமராவுக்குள் ஒட்டிய தூசி அப்படித்தான் விழும். வானத்தை முடித்துவிட்டேன். கடல் பாக்கி.

அதற்குள் காற்று பலமாகிவிட்டது. போன போட்டுகளெல்லாம் கரைக்கு வந்துவிட்டன, ஏழுமலையுடையது மட்டும் வரவில்லை. போன் போகவில்லை. தேடப் போகிற ஆட்கள் தயார்தான், ஆனால் வடக்கே போவதா தெற்கே போவதா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஏழுமலையின் மனைவி பூங்காவனம் அழவில்லை. கொண்டையை அவிழ்ப்பதும் முடிவதுமாக நின்றார். எனக்கு என்ன தோன்றியதோ, துடைக்காமல் வைத்திருந்த கடலைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாக நகர்த்திப் பார்த்தேன். தெற்குக் கோடியில், முகத்துவாரத்துக்கும் அப்பால், ஒரு புள்ளி. இன்னும் பெரிதாக்கினேன். கட்டம் கட்டமாகச் சிதறியது. நடுவில் கொஞ்சம் நீலம். தூசியில் நீலம் இருக்காது. "அக்கா, இது என்னன்னு பாருங்களேன்" என்றேன். பூங்காவனம் குனிந்தார். "அவுரு படுதா" என்றார். "இஞ்சினு நின்னா துடுப்புல படுதாவைக் கட்டித் தூக்கி வெப்பாரு."

இரண்டு போட்டுகள் தெற்கே போயின. நான் லேப்டாப்பை மூடவே இல்லை, மூடினால் அந்தப் புள்ளி போய்விடும் போல இருந்தது. இதுவரை எத்தனை இடங்களில் எத்தனை புள்ளிகளைத் துடைத்தேனோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெயில் சாய்கிற நேரத்தில் மூன்று போட்டுகளாகத் திரும்பின, நடுவில் இருந்ததைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஏழுமலை முழங்கால் தண்ணீரில் குதித்து இளித்துக்கொண்டே வந்தார். பூங்காவனம் அவர் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய் அடுப்பைப் பற்றவைத்தார். கரையே சிரித்தது. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. கிளம்புவதற்கு முன், இருவரையும் அந்தப் படகோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். பூங்காவனம் சட்டி நிறையக் குழம்பை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு வாங்க. நாங்க இன்னும் சண்டை போட்டு முடிக்கல."

நனையாத புடவை

கம்பெனியிலிருந்து கண்ணில் மாட்டிக்கொண்டு பார்க்கிற ஒரு கருவியை அனுப்பினார்கள். அதை மாட்டினால் கடற்கரையின் நடுவிலேயே நிற்கிற மாதிரி இருக்கும். சகாயத்தின் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற விமலா, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கும் ஒரு தடவை என்று வந்தார். மாட்டியதுமே "ஆத்தாடி" என்று ஒரு காலைப் பின்னால் வைத்தார். பிறகு இரண்டு கையாலும் புடவையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டூடியோ முழுவதும் மெதுவாக நடந்தார். அலை வருகிற இடத்தில் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். கழற்றியதும் குனிந்து முதலில் புடவைக் கரையைத் தொட்டுப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்குது ஸ்டெல்லா. ஆனா, வூட்டுக்குப் போயி கடலுக்குப் போயிட்டு வந்தேன்னா எவளாவது நம்புவாளா, புடவை காஞ்சி கெடக்குதே!"

அந்தக் கண்டம்

பாடம் வெளியான பிறகு, மற்ற கண்டத்துப் படங்களை எங்களுக்கும் பார்க்கக் கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு மீனவர் ஊர். எடுத்தவர் யாரென்று தெரியாது, ஆனால் அவரும் எங்கோ ஒரு படகுக்குப் பின்னால்தான் குந்தியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதை அஞ்சலையின் ஊருக்கு எடுத்துப்போனேன். மரத்தடியில் கருவாடு பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். போட்டுகளுக்கு அடித்திருந்த வர்ணம் எல்லாருக்கும் பிடித்திருந்தது. மீனை இவ்வளவு நெருக்கமாகக் காயப்போட்டால் அடியில் புழு வைக்கும் என்று அஞ்சலை அவர்களுக்காகக் கவலைப்பட்டார். படத்தில் இருந்த ஒருத்தியின் இடுப்பில் கூடை இருந்த விதத்தை வைத்து, அவள் இன்றைக்கு ஏலத்தில் ஏமாந்துவிட்டாள் என்று ஒரு கட்சியும், இல்லை என்று ஒரு கட்சியும் ஆனது.

கூடவே இருந்த பக்கத்தைக் கதிரவன் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தான். வாசித்தேன். பழைய அரசுகள், அடிமை வியாபாரம், வெள்ளைக்காரர்கள் கோடு போட்டுப் பிரித்த எல்லைகள், விடுதலை, தேர்தல்கள். அடிமைக் கப்பல் வந்த இடத்தில் ஒருத்தி "அடப்பாவிங்களா" என்றாள். மற்றபடி கை வேலையிலேயே இருந்தது. கடைசி வரி ஒன்றுதான் பாக்கி: வெளியிலிருந்து வரும் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி வந்து மீனை வாரிக்கொண்டு போவதால், சிறிய படகுக்காரர்கள் அரசாங்கத்திடம் முறையிட்டு வருகிறார்கள். எல்லாக் கையும் அப்படியே நின்றது. அஞ்சலை நிமிர்ந்து, அந்தக் கூடைக்காரியின் முகத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்: "அங்கியுமா?"

மொத்தத்தில், என் படங்கள் டிக்கெட் எடுக்காமல் கண்டம் விட்டுக் கண்டம் போய்க்கொண்டிருக்கின்றன, நான் சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு பிடிக்கக் கைக்குட்டையை எறிந்துவிட்டுப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறேன்.